கட்டர் ஊசி தந்த சாட்சியம்

ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி பயன் தருகிறது என்று 1955 ஏப்ரல் 12இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அறிவித்தார்கள். அமெரிக்கா அதைத் திருவிழாவாகக் கொண்டாடியது. அந்த மாதம் முடிவதற்குள், கலிபோர்னியாவின் கட்டர் நிறுவனம் தயாரித்த ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தைகளுக்குக் கை கால் விழத் தொடங்கியது. ஃபார்மலினில் செத்திருக்க வேண்டிய வைரஸ் சில தொகுதிகளில் உயிரோடு தங்கிவிட்டது. ஏறத்தாழ 200 பேர் முடங்கினர், 10 பேர் இறந்தனர். அந்நிறுவன மருந்தைச் செலுத்திய குரங்குகள் முடங்கியதை தேசிய சுகாதார நிறுவனத்தின் பெர்னிஸ் எடி முந்தைய ஆண்டே கண்டு எச்சரித்திருந்தார். அவர் சொல் ஏறவில்லை. மன்னிக்கவே முடியாத அலட்சியம் இது.

தடுப்பூசியை எதிர்ப்பவர்கள் இன்றும் இந்தச் சம்பவத்தை எடுத்துக்காட்டுகிறார்கள். அவர்களிலேயே சிலர், போலியோவுக்கு வைரஸ் காரணமல்ல, டிடிடி பூச்சிக்கொல்லிதான் காரணம் என்றும் வாதிடுகிறார்கள். இந்த இரண்டு வாதங்களும் சேர்ந்து நிற்க வழியில்லை. கட்டர் ஊசி போட்ட குழந்தைகள் பலருக்கு முடக்கம் முதலில் வந்தது ஊசி இறங்கிய அதே கையில். ஊசியே போடாத வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவர்களிடமிருந்து நோய் தொற்றியது. நஞ்சு ஒருவர் உடலிலிருந்து இன்னொருவருக்கு இப்படிப் பெருகிப் பரவாது. போலியோவை உண்டாக்குவது வைரஸ்தான் என்பதற்கு, தடுப்பூசியின் மிகப் பெரிய தோல்வியே மிக வலுவான சாட்சியம். தவிர, டிடிடி பூச்சியைக் கொல்லும் என்று தெரியவந்ததே 1939இல்தான். நியூயார்க் நகரில் 2,000க்கும் மேற்பட்டோரைப் போலியோ கொன்றது 1916இல்.

தடுப்பூசி வந்த பிறகு போலியோ நோயாளிகளின் எண்ணிக்கை குறைந்தது, 1955இல் நோயின் வரையறையை மாற்றியதால்தான் என்று ஒரு மறுப்பு உண்டு. வரையறை மாறியது உண்மை, கணக்கில் அதன் பங்கும் இருக்கும். ஆனால் 1954இல் நடந்த பெரும் கள ஆய்வில், ஊசி பெற்றவர்களையும் வெற்று மருந்து பெற்றவர்களையும் ஒரே அளவுகோலால்தான் மதிப்பிட்டார்கள். ஊசி பெற்றவர்களிடையே முடக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஆகவே, காரணம் பற்றிய வழக்கு முடிந்துவிட்டது. பாதுகாப்பு பற்றிய கேள்வியோ எப்போதும் கேட்கப்பட வேண்டியது. அதை நம் நாட்டில் விடாமல் கேட்டவர், தடுப்பூசியில் உறுதியான நம்பிக்கை கொண்ட வேலூர் மருத்துவ அறிஞர் டி. ஜேக்கப் ஜான். சொட்டு மருந்தில் உள்ள உயிருள்ள வைரஸ் அரிதாக முடக்கத்தை உண்டாக்கும், ஊசி மருந்துக்கு மாற வேண்டும் என்று அவர் நெடுங்காலம் வலியுறுத்தினார். இந்தியாவின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் அந்த ஊசி 2015 நவம்பரில் சேர்க்கப்பட்டது.