கடலுக்கடியில் வாயு, கடைவாசலில் வரிசை

2022ஆம் ஆண்டின் நோன்பு மாதத்தை எமது கல்முனைப் பிரதேச மக்கள் இலகுவில் மறந்துவிட மாட்டார்கள். சஹர் முடிந்த கையோடு வெறும் சிலிண்டர்களுடன் கடைவாசல்களில் வரிசையில் நின்றவர்களுள் நானும் ஒருவன். பெருநாளுக்கு இரு வாரங்கள்கூட இல்லாத நிலையில், ஏப்ரல் 22ஆம் திகதி, 12.5 கிலோகிராம் லிட்ரோ சிலிண்டரின் கொழும்பு விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்த விலைக்கும் கேஸ் கிடைக்கவில்லை என்பதே பெருந்துயரம்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற முதியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, “மன்னார்க் கடலுக்குள்ள கேஸ் இரிக்கெண்டு நீங்கதானே தம்பி பேப்பர்ல எழுதினீங்க, அது எங்க?” என்று கேட்டார். அன்று பதில் சொல்ல முடியாமல் சிரித்துச் சமாளித்தேன். அந்தக் கேள்விக்கு வரலாற்றில் விடை இருக்கிறது.

மன்னார்ப் பகுதியில் எண்ணெயும் வாயுவும் தேடும் முயற்சி புதியதன்று. 1970களிலேயே சோவியத் நிபுணர்களின் உதவியுடன் பேசாலையில் துளையிட்டுப் பார்த்தார்கள். அக்காலத்தில்தான், 1974 ஜூனில், சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்திரா காந்தியும் பாக்கு நீரிணைக் கடலெல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். கச்சதீவுக்காகவே இன்றுவரை பேசப்படும் அவ்வொப்பந்தத்தில் பலர் கவனிக்காத ஒரு வாசகம் உண்டு. கடலெல்லையின் இருபுறமும் பரந்து கிடக்கும் எண்ணெய் அல்லது இயற்கை வாயுப் படிவம் காணப்படின், அதை எவ்வாறு எடுப்பது, வருமானத்தை எவ்வாறு பகிர்வது என்பதில் இரு நாடுகளும் உடன்பாடு காண முயல வேண்டும் என்பதே அது. வாயுவுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை அன்றே இரு அரசுகளும் உணர்ந்திருந்தன.

2003இல் பெற்றோலிய வளங்கள் சட்டம் நிறைவேறியது. 2008இல் கெயார்ன் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டது. 2011இல் ‘சிக்யூ’ என்ற ஜப்பானியத் துளையிடும் கப்பல் மன்னார்ப் படுகைக்கு வந்தது. ஒக்டோபரில் ‘டொராடோ’ கிணற்றிலும், அடுத்த மாதமே ‘பரகூடா’ கிணற்றிலும் வாயு கண்டறியப்பட்டது. நாடு கொண்டாடியது, பத்திரிகைகளும் கொண்டாடின. ஆனால் டொராடோ அமைந்த இடத்தில் கடலின் ஆழமே ஆயிரத்து முந்நூறு மீற்றருக்கு மேல். அவ்வாழத்திலிருந்து வாயுவை எடுத்துக் கரைசேர்க்கப் பெருமுதலீடு தேவை. வாங்குவதற்கு நிச்சயமான சந்தையும் தேவை. 2014இல் உலக எண்ணெய் விலை சரிந்தது. 2015இல் கெயார்ன் விடைபெற்றது. வாயு கடலுக்கடியிலேயே தங்கிவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மன்னாரில் இருப்பது இயற்கை வாயு, அதாவது பெரும்பாலும் மீதேன். எமது அடுப்பில் எரிவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவப் பெற்றோலிய வாயு. முன்னையதைக் குழாய்வழியாகக் கொண்டுவர வேண்டும். அல்லது மறை 162 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்ற வேண்டும். ஆகவே மன்னார் வாயு வெளிவந்திருந்தாலும் அது முதலில் மின்னிலையங்களுக்கே சென்றிருக்கும்.

அந்த மின்னிலையத் திட்டங்களின் கதையும் நீண்டது. 2017 ஏப்ரலில் டில்லியில் கையெழுத்தான இந்திய-இலங்கைப் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கொழும்புக்கு அருகே இயற்கை வாயு மின்னிலையம் இடம்பெற்றது. 2021இல் கெரவலப்பிட்டிய தொடர்பாக அமெரிக்க நிறுவனமொன்றுடன் செய்த ஒப்பந்தம் நீதிமன்றம்வரை சென்றது. 2024இல் அங்கே சொபாதனவி மின்னிலையம் திறக்கப்பட்டபோதும், அது பயன்படுத்த வேண்டிய இயற்கை வாயு வந்து சேர்ந்திருக்கவில்லை. இதற்கிடையில் நீரிணைக்கு அப்பால், எண்ணூரில் 2019இல் திரவ இயற்கை வாயு முனையம் திறக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில் இராமநாதபுரம் - தூத்துக்குடி இடையே 143 கிலோமீற்றர் குழாய்வழியும் திறக்கப்பட்டது. தலைமன்னாருக்கு எதிர்க்கரையில் வாயு ஓடுகிறது. இக்கரையில் கோப்புகள் மட்டுமே ஓடின.

ஆனால் 2022இல் எம்மை வரிசையில் நிறுத்தியது மன்னார் அல்ல. கேஸ் வரும் பாதையைப் பாருங்கள். அது வெளிநாட்டிலிருந்து டொலர் கொடுத்து வாங்கப்படுகிறது. இறங்குமிடங்கள் மேற்கே கெரவலப்பிட்டியவும் தெற்கே ஹம்பாந்தோட்டையும். அங்கிருந்து லொறிகளில் நாட்டைக் குறுக்கே கடந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என்று வருகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை அரசு நிறுத்தியது. டொலர் வற்றியபோது கப்பல்கள் நின்றன. டீசல் வற்றியபோது லொறிகள் நின்றன. பாதையின் கடைசியில் இருப்பவனுக்கு இரண்டு அடியும் விழுந்தது. உலக வங்கியின் 7 கோடி டொலர் உதவியோடு கேஸ் கொள்வனவு சீரான பின்னரே வரிசைகள் குறைந்தன.

‘விறகு எரிக்கலாமே’ என்றார்கள் சிலர். வேலியோடு வேலி ஒட்டிய எமது கரையோர வளவுகளில் அதற்கு இடமேது? 2004 சுனாமிக்குப் பின் மாடிக் குடியிருப்புகளுக்கு மாறிய குடும்பங்கள் தென்னை மட்டையை எங்கே எரிப்பது?

எமது கரையிலும் ஒரு துறைமுகம் கட்டினார்கள். டென்மார்க் கடனுதவியில் உருவாகி 2013 செப்டெம்பரில் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயை மணல் மூடியது. பக்கத்துக் கரையைக் கடல் தின்றது. கேஸ் கப்பல் வரும் என்று எவரும் வாக்களிக்கவில்லை என்பது உண்மையே. எனினும், கரையின் இயல்பை அறியாமல் போடும் திட்டம் கரையோர மக்களுக்கே சுமையாகும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்தன. கிழக்கின் இயற்கைத் துறைமுகத்துக்கு இறுதியில் பார்வை திரும்பியிருப்பது நல்லதே. ஆனால் எல்லை தாண்டிவரும் குழாயும் கப்பலும் பாதுகாப்பின் முற்பாதி மட்டுமே. கிழக்கில் களஞ்சியம் உண்டா, கப்பல் ஒரு மாதம் வராவிட்டால் அக்கரைப்பற்றில் எத்தனை நாட்களுக்கு அடுப்பெரியும் என்பதே பிற்பாதி. எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் கொழும்பில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

அந்த முதியவரை மீண்டும் சந்தித்தால் இவ்வளவையும் சொல்வேன். “அப்ப அடுத்த முறையும் வரிசைதானா தம்பி?” என்று அவர் கேட்டால், சொல்வதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.