வரிச்சலுகையும் வாக்குறுதியும்: இப்சிலாண்டி நகரிய வழக்கு (1992–1993)

முன்னுரை

தொழிற்சாலைகளைத் தம் எல்லைக்குள் ஈர்க்கவோ நிலைநிறுத்தவோ உள்ளாட்சி மன்றங்கள் வரிச்சலுகை வழங்குவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுநாளைய வழக்கமாகும். மன்றம் விட்டுக்கொடுக்கும் வரியைக் கணக்கிட முடியும். ஆனால் அதற்கு ஈடாக நிறுவனம் ஏற்கும் கடமை யாது என்பது பல நேர்வுகளில் வரையறுக்கப்படுவதில்லை. இந்தக் குறையை வெளிக்கொணர்ந்த மிச்சிகன் மாநில வழக்கொன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டப் பின்னணி

மிச்சிகனின் 1974ஆம் ஆண்டு 198ஆம் சட்டம், புதிய தொழிற்கூடங்களுக்கு 12 ஆண்டுகள் வரை சொத்துவரியில் ஏறத்தாழப் பாதியைக் குறைக்க உள்ளாட்சிகளுக்கு வழிவகுத்தது. நிறுவனம் விண்ணப்பிக்க, மன்றம் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின் தீர்மானம் நிறைவேற்றும். வேலைவாய்ப்பு உருவாகவோ நிலைக்கவோ நியாயமான வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஆயினும், எத்தனை ஆண்டுகள் ஆலை இயங்க வேண்டும் என்று சட்டம் கூறவில்லை.

வில்லோ ரன் ஆலை

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களை உருவாக்கிய இடம் வில்லோ ரன். பின்னர் அங்கு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் காலூன்றியது. 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் இப்சிலாண்டி நகரியம் அந்நிறுவனத்தின் புதிய முதலீடுகளுக்கு வரிச்சலுகை அளித்தது. 1988இல் அளித்த சலுகை, செவ்ரலே கேப்ரீஸ் மகிழுந்து உற்பத்திக்குரியது. சந்தைத் தேவை சாதகமாக இருப்பின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் தொடரும் என்று நிறுவனத்தின் சார்பில் மன்றத்தின்முன் கூறப்பட்டது. எனினும் 1992 பிப்ரவரியில், அவ்வுற்பத்தி டெக்சாசின் ஆர்லிங்டன் ஆலைக்கு மாற்றப்படும் என நிறுவனம் அறிவித்தது. நகரியம் நீதிமன்றத்தை நாடியது.

இரு தீர்ப்புகள்

1993 பிப்ரவரியில் வட்ட நீதிபதி டொனால்டு ஷெல்டன், சட்டமோ விண்ணப்பமோ ஒப்பந்தத்தை உருவாக்கவில்லை என்பதை ஏற்றார். ஆயினும், ஒருவர் அளித்த வாக்குறுதியை நம்பி மற்றவர் இழப்பை ஏற்றபின் வாக்களித்தவர் பின்வாங்கலாகாது என்னும் முரண்தடைக் கோட்பாட்டின் அடிப்படையில் உற்பத்தி மாற்றத்துக்குத் தடை விதித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சலுகை நாடும் நிறுவனம் வேலைவாய்ப்பைப் பற்றி நம்பிக்கையூட்டிப் பேசுவது இயல்பு. அதனை வாக்குறுதியாகக் கொள்ள இயலாது என்பது அதன் முடிவு.

மதிப்பீடு

முதல் தீர்ப்பு, சொல்லைக் கேட்டவரின் நம்பிக்கையை அளவுகோலாகக் கொண்டது. இரண்டாவது, சொல்லின் வடிவத்தைக் கொண்டது. இரண்டாவதன் தருக்கம் வலுவானதே. நிறுவனத்தின் கூற்றில் சந்தைத் தேவை என்னும் நிபந்தனை வெளிப்படையாகவே இருந்தது. அதனைக் கேட்டும் மன்றம் எழுத்துவழி உறுதியைப் பெறவில்லை. ஆனால் அத்தருக்கத்தின் விளைவு கடுமையானது. வேலைவாய்ப்பைக் காரணம் காட்டியே சலுகை பெறப்பட்டது. அது கைநழுவியபோது அக்காரணத்துக்குச் சட்ட மதிப்பில்லை எனத் தெரிந்தது. ஆலையை நம்பி வாழ்ந்த தொழிலாளர்கள் அந்தப் பேரத்தில் ஒரு தரப்பாகவே இடம்பெறவில்லை.

முடிவுரை

1993இல் நிறைவேறிய 198ஆம் சட்டத்தின் திருத்தம், புதிய சலுகைக்கு உள்ளாட்சிக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்துவழி ஒப்பந்தம் கட்டாயம் என வகுத்தது. எனினும் ஒப்பந்தம் இருப்பது மட்டும் போதாது. ஆலை இயங்க வேண்டிய காலம், பணியிட எண்ணிக்கை, மீறினால் விட்டுக்கொடுத்த வரியைத் திரும்பப் பெறும் முறை ஆகியன அதில் இடம்பெற வேண்டும். வரிச்சலுகை வரலாற்றை ஆராய்வோர் மன்றத் தீர்மானங்களைவிட இவ்வொப்பந்த வாசகங்களையே முதன்மைச் சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதே இவ்வழக்கு உணர்த்தும் பாடமாகும்.