சமக்குறி (தொடக்கக் கணிதம்)

சமக்குறி (=) என்பது தன் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் உள்ளவை ஒரே மதிப்புடையன எனக் காட்டும் கணிதக் குறியீடு ஆகும். தொடக்கப் பள்ளிச் சிறுவர் பலர் இதனை அவ்வாறு கொள்வதில்லை. "கணக்கைச் செய், விடையை எழுது" என்னும் ஆணையாகவே கொள்கின்றனர். இப்பிழை கூட்டல், கழித்தல் கணக்குகளில் வெளிப்படாமல் மறைந்திருந்து, இயற்கணிதம் தொடங்கும்போது தடையாக எழுகின்றது.

வரலாறு

இக்குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தியவர் வேல்சு நாட்டவரான ராபர்ட் ரெக்கார்டு ஆவார். 1557இல் வெளிவந்த தம் நூலில், இரண்டு இணைகோடுகளை விடச் சமமானவை வேறில்லை என்று அவர் காரணம் கூறினார். எனினும் இது உடனே பரவவில்லை. 1637இல் டேக்கார்ட்டு கூட வேறொரு குறியையே கையாண்டார்.

தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யப்பட்ட எண்சுவடியில் இத்தகைய குறி இல்லை. ஆயினும் சமம் என்னும் கருத்து அளவைகளில் இருந்தது. இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி என்பனவற்றில் எதுவும் எதற்கும் விடை அன்று. ஒரே அளவுக்கு இரு பெயர்கள், அவ்வளவே.

பிழையான புரிதல்

8 + 4 = □ + 5 என்னும் கணக்கு இதற்குப் பெயர்பெற்றது. சரியான விடை 7. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறாம் வகுப்பு மாணவர் 145 பேரிடம் இதனைக் கொடுத்தபோது ஒருவர் கூட 7 என எழுதவில்லை. பெரும்பாலோர் 12 என்றும், சிலர் எல்லா எண்களையும் கூட்டி 17 என்றும் எழுதினர். இவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. சீன மாணவர்களிடம் இப்பிழை மிக அரிது என்று 2008இல் வெளியான ஒப்பாய்வு காட்டுகின்றது. அங்கு கூட்டலுக்கு முன்பே பெரிது, சிறிது, சமம் என்ற ஒப்பீட்டின் வழியாக இக்குறி அறிமுகமாகின்றது.

8 = 5 + 3 என்று எழுதினால் "தலைகீழாக உள்ளது" என்று மறுப்பதும், 7 = 7 என்பதில் கணக்கே இல்லை என்பதும் இதே பிழையின் அடையாளங்கள். 5 + 3 = 8 + 2 = 10 எனச் சங்கிலியாக எழுதுவதும் இவ்வகையே. இறுதி விடை சரியாக வருவதால் ஆசிரியர் இதனைத் திருத்தாது விடுவதுண்டு.

தமிழில் வாசிக்கும் முறையும் ஓரளவு இதற்குத் துணைபோகின்றது எனலாம். "ஐந்தும் மூன்றும் எட்டுக்குச் சமம்" என்பதே தமிழ்த் தொடர். வகுப்பிலோ குறிகளின் வரிசையில் "ஐந்து கூட்டல் மூன்று சமம் எட்டு" என வாசிக்கப்படுவதால், 'சமம்' என்பது விடைக்கு முன் வரும் வெற்றொலியாகி விடுகின்றது.

கற்பித்தல்

சிறுவர் அறிந்த அளவைகளிலிருந்து தொடங்குவது நற்பயன் தரும். விருதுநகர் மாவட்டத்தின் ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழில் நெடுங்காலமாக நடைபெறுகின்றது. கைத்தொழிலாக இருந்த காலத்தில் வீடுகளில் பெட்டி ஒட்டுவோருக்குக் குரோசுக் கணக்கில் கூலி தரப்பட்டது. ஒரு குரோசு என்பது 12 டசன், அதாவது 144 பெட்டிகள். ஒரு வீட்டார் காலையில் 80, மாலையில் 64 பெட்டிகள் ஒட்டினர். அடுத்த வீட்டார் காலையில் 72 ஒட்டினர். இரு வீட்டாருக்கும் ஒரே கூலி எனில், மாலையில் ஒட்டியவை எத்தனை?

80 + 64 = 72 + □

இங்கே 72 எதன் விடையும் அன்று என்பது கூலியை நினைத்தாலே விளங்கும். 80ஐ விட 72 எட்டுக் குறைவு. ஆகவே 64ஐ விட எட்டு மிகுதியாக, 72 வேண்டும். கூட்டாமலே விடை காணும் இந்தச் சிந்தனைதான் பின்னர் சமன்பாடுகளைத் தீர்க்க உதவுவது.

வெற்றுத் தீப்பெட்டிகளும் புளியங்கொட்டைகளும் கொண்டு மறைந்த எண்ணை அறிமுகப்படுத்தலாம். இரண்டு பெட்டிகளில் சம எண்ணிக்கையில் கொட்டைகளை இட்டு மூடி, வெளியே 3 கொட்டைகளை வைத்து, மொத்தம் 11 எனக் கூறினால், பெட்டிக்கு 4 என்பதைச் சிறுவர் தாமே கண்டறிவர். தராசில் இதனைச் செய்யும்போது மறு தட்டிலும் இரண்டு வெற்றுப் பெட்டிகளை வைக்க வேண்டும். இல்லையேல் பெட்டியின் எடை கணக்கைக் கெடுத்துவிடும். ஒரே அளவான கொட்டைகளைத் தெரிந்தெடுப்பதும் தேவை.

தராசு இம்முயற்சியில் பழமையான துணைக்கருவி. ஆனால் கடைகளில் மின்னணுத் தராசு பரவிய பின், இரு தட்டுகள் சமநிலையில் நிற்பதைக் காணாத சிறுவரும் உள்ளனர்; எண்ணை மட்டும் காட்டும் அக்கருவி, விடை கேட்கும் பழக்கத்தையே வளர்க்கின்றது. மேலும் குறை எண்கள் வரும் சமன்பாடுகளைத் தட்டில் வைத்துக் காட்ட இயலாது. ஆதலால் மேல்வகுப்புகளில் எண்கோடு போன்ற வேறு உருவகங்கள் கையாளப்படுகின்றன.