மூன்று எழுத்தில் மறைந்த பன்னிரண்டு மணி

‘ஐ.எஸ்.டி.’ என்றால் நமக்கு இந்திய நேரம். கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முந்தியது. அயர்லாந்துக்காரரைக் கேளுங்கள், அது தம் நாட்டில் கோடையில் வழங்கும் நேரம், ஒரு மணிதான் முந்தியது என்பார். இஸ்ரேலில் அதே எழுத்துகளுக்கு இரண்டு மணி. (தமிழில் எழுதினால் அயல்நாட்டுத் தொலைபேசி அழைப்பும் ஐ.எஸ்.டி.தான்! அதை விடுங்கள்.) இவை நாட்டுக்கு நாடு வரும் குழப்பங்கள். ஆனால் எல்லா நேரங்களுக்கும் அளவுகோலாக விளங்கிய ஜி.எம்.டி.க்கே, அதாவது கிரீனிச் சராசரி நேரத்துக்கே, ஒரு காலத்தில் இரண்டு பொருள் இருந்தது என்றால் நம்புவீர்களா?

நமக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. வானியலாருக்கோ தாலமியின் காலத்திலிருந்தே நண்பகலில் பிறந்தது. காரணம் எளிது. இரவெல்லாம் தொலைநோக்கியருகே விழித்திருப்பவருக்கு நடுவேலையில் தேதி மாறினால் எவ்வளவு தொல்லை! ஓர் இரவின் குறிப்புகள் இரண்டு தேதிகளாகப் பிரிந்துவிடும் அல்லவா? ஆகவே கிரீனிச் நண்பகலே அவர்களுக்கு 0 மணி. ஊரார் பிற்பகல் 3 மணி என்பதை அவர்களும் 3 மணி என்றே எழுதினர். ஊராரின் விடியற்காலை 3 மணியோ அவர்களுக்கு முந்தின நாளின் 15 மணி!

வானியல் நாளும் நள்ளிரவில் தொடங்கட்டும் என்று 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு விரும்பியது. விருப்பம் நிறைவேற நாற்பது ஆண்டுகள் ஆயின. 1925 ஜனவரி 1 முதல் பஞ்சாங்கங்கள் மாறின. அதற்காக 1924 டிசம்பர் 31, வானியலாருக்குப் பன்னிரண்டு மணி நேரத்திலேயே முடிந்தது.

முறை மாறியது சரி. பெயரை மாற்றாமல் விட்டதுதான் பிழை என்பேன். பெர்சியஸ் குழுவிலுள்ள அல்கால் விண்மீனை எடுத்துக்கொள்வோம். அது 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒரு முறை மங்கும். மங்கித் தெளிய ஏறத்தாழ 10 மணி நேரமே ஆகும். நம் நாட்டில் ஒருவர் டிசம்பர் 10 இரவு 8.30 மணிக்கு அதை மங்கலாகக் கண்டார் என்று வையுங்கள். 1924 என்றால் ‘ஜி.எம்.டி. 3 மணி’ என்று குறிப்பார். 1925 என்றால் ‘15 மணி’. பழைய குறிப்பைப் புதிய முறையில் படித்தீர்களானால், விண்மீன் முழு ஒளியோடு இருந்த வேளையில் அது மங்கியதாகக் கணக்கு வரும்!

அமெரிக்கப் பஞ்சாங்கம் புதிய முறைக்கு ‘கிரீனிச் குடிமை நேரம்’ என்று வேறு பெயரிட, குழப்பம் இன்னும் கூடியது. 1928-இல் பன்னாட்டு வானியல் சங்கம் ‘உலக நேரம்’ என்ற புதுப் பெயரைப் பரிந்துரைத்தது.

பழைய நண்பகல் வழக்கம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஒளி மாறும் விண்மீன்களைக் கணக்கிடுவோர் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண் இன்றும் நண்பகலில்தான் மாறுகிறது.