கயிறும் கையும்

இரண்டாம் ஆண்டில் 'தியரி ஆஃப் மெஷின்ஸ்' படித்தவர்களுக்கு பெல்ட் உராய்வுச் சூத்திரம் மறந்திருக்காது. கப்பியைச் சுற்றும் கோணம் கூடக்கூட, இருபக்க இழுவிசைகளின் விகிதம் மடங்கு மடங்காக ஏறும். பரீட்சைக்கு உருப்போட்ட அந்த ஒரு வரியில் பிற்பாடு நானே தொங்கப்போகிறேன் என்று யார் கண்டது! வேலை நிமித்தம் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் இருந்தபோது குகை இறங்கும் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

அங்கே கேப்பிங் கில் என்றொரு பாதாளக் குழி. சுமார் 100 மீட்டர் ஆழம். ஓர் ஓடையே அதற்குள் அருவியாகக் கொட்டுகிறது. 1895-ல் பிரான்சிலிருந்து வந்த மார்ட்டெல் என்பவர்தான் முதலில் அதன் அடியைத் தொட்டார், நூலேணியில். ஆழம் கூடினால் ஏணியின் கனமும் கூடும். ஆகவே பிற்காலத்தில் சில இடங்களில் வின்ச் வைத்துக் கம்பிவடத்தில் ஆளை இறக்கினார்கள். அதில் தொங்குகிறவனுக்குத் தன் வேகத்தின் மேல் அதிகாரமே கிடையாது. 1952-ல் பிரான்ஸ்-ஸ்பெயின் எல்லையில் பியர்-சான்-மார்த்தான் குழியிலிருந்து மேலே வரும்போது, வடத்தின் நுனியிலிருந்த கிளாம்ப் நழுவி மார்செல் லூபான் விழுந்தார். ஒன்றரை நாள் கழித்து, குழிக்குள்ளேயே உயிர் போயிற்று.

1960-களில் இறங்குகிறவன் கையிலேயே பிரேக்கைக் கொடுக்கும் 'டிஸெண்டர்'கள் குகைக்கென்றே வந்தன. பிரான்சில் புரூனோ திரெஸ்லரும் பெர்னாண்ட் பெட்ஸலும் செய்தது பாபின்: இரண்டு தகடுகளுக்கு நடுவே சுழலாத இரண்டு கப்பிகள், கயிறு அவற்றில் வளைந்து நெளிந்து போகும். அமெரிக்காவில் 1966-ல் ஜான் கோல் செய்தது ரேக்: நீண்ட எஃகுச் சட்டத்தில் குறுக்குக் கம்பிகள், வேண்டுமளவு கூட்டலாம், குறைக்கலாம்.

ஏன் இரண்டு? நம் சூத்திரமே பதில். 300 மீட்டர் குழியில் தொங்கும் கயிறே இருபது கிலோவுக்கு மேல். உச்சியில் அந்தக் கனமே பிரேக் போடும், ஆள் நகரமாட்டான். அடியில் கனம் இருக்காது, வழுக்கிக்கொண்டு போவான். இறங்க இறங்க உராய்வைக் கூட்ட ரேக்கில் முடியும். சூடு வேறு: 75 கிலோ ஆள் 300 மீட்டர் இறங்கினால் வரும் வெப்பத்தில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். நீண்ட சட்டம் அதைத் தாங்கும். ஐரோப்பியக் குகைகளிலோ கயிற்றை நடுநடுவே பாறையில் மறுபடி கட்டுவார்கள். அங்கே சட்டென்று கழற்றி மாட்ட பாபின்தான் வசதி.

நான் வாங்கியது பிடி வைத்த பாபின். பிடியை அழுத்தினால் இறங்கும், விட்டால் நிற்கும். கல் விழுந்து மயங்கினால்கூடக் கை தானே விட்டுவிடும், ஆள் பிழைப்பான் என்று கணக்குப் போட்டேன். மரத்தில் ஐந்து மீட்டர் உயரத்தில் பழகும்போது கயிறு கொஞ்சம் வேகமெடுத்தது. பயந்தேன். பயந்த கை விடவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்தது! காப்புக் கயிறு மட்டும் இல்லையென்றால் இடுப்பு போயிருக்கும்.

கற்றுத்தந்த பெரியவர் திட்டவில்லை. "பிடி வெறும் சுவிட்சுப்பா, ரெகுலேட்டர் இல்ல. வேகத்தை வலதுகையால கீழ்க்கயிற்றில பார்த்துக்க" என்றார். அதைக் கைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று, தினமும் சாயங்காலம் அதே மரத்தில்.

பிறகு கேப்பிங் கில்லில் இறங்கினேன். பாதியில் அருவிச் சாரல் முகத்திலடிக்க, இடதுகை தானாகப் பிடியை விட்டது. தொங்கியபடி மூச்சு வாங்கிக்கொண்டு, வலதுகையில் கயிறு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மெல்ல அழுத்தினேன்.