ரோமன் ஹாலிடே

ரோமன் ஹாலிடே, வில்லியம் வைலர் தயாரித்து இயக்கிய அமெரிக்கக் காதல் நகைச்சுவைத் திரைப்படம். பாராமவுண்ட் நிறுவனம் 1953இல் வெளியிட்டது. ஹாலிவுட் ஸ்டூடியோ அரங்குகளை நம்பியிருந்த காலத்தில், ரோம் நகரத்துக்கே சென்று கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள்.

அரசுமுறைப் பயணமாக ரோமுக்கு வரும் இளவரசி ஆன், ஓயாத சடங்குகளில் சலித்து ஓர் இரவு யாருக்கும் தெரியாமல் வெளியேறுகிறாள். தூக்க ஊசி மயக்கத்தில் தெருவோரம் படுத்துவிட்டவளுக்கு அமெரிக்கச் செய்தியாளன் ஜோ பிராட்லி இடம் தருகிறான். மறுநாள் அவள் யாரென்று தெரிந்தும் தெரியாதவன்போல ஊரைச் சுற்றிக் காட்டுகிறான். நல்ல விலைக்குப் போகும் செய்தி அல்லவா! நண்பன் இர்விங் சிகரெட் லைட்டருக்குள் ஒளித்த கேமராவில் படம் எடுக்கிறான். முடி வெட்டிக்கொள்வது, படிக்கட்டில் ஐஸ்கிரீம், வெஸ்பா சவாரி என்று ஒரே நாளில் காதல் வளர்கிறது. ஆனால் அவள் கடமைக்குத் திரும்புகிறாள். அவன் செய்தியை எழுதாமல் விடுகிறான். காதல் நகைச்சுவை கல்யாணத்தில் முடிவதுதான் வழக்கம். பிரிவில் முடிகிற துணிச்சலே இப்படத்தின் உயரம்.

ஜோவாக கிரிகரி பெக், இர்விங்காக எடி ஆல்பர்ட், ஆனாக ஆட்ரி ஹெப்பர்ன் நடித்தனர். ஹாலிவுட்டில் ஹெப்பர்னுக்கு இதுவே முதல் நாயகி வேடம். பொய்யர்களின் கையைக் கடிக்கும் என்று நம்பப்படும் கல்முகத்தின் வாய்க்குள் கைவிட்ட பெக், ஹெப்பர்னிடம் முன்கூட்டிச் சொல்லாமல் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். திரையில் ஹெப்பர்ன் அலறுவது நிஜமான அலறல். சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. ஆடை வடிவமைப்புக்காக ஈடித் ஹெட்டும் விருது பெற்றார்.

மூன்றாவது ஆஸ்கர் கதைக்கு. அது உரியவர் கைக்குப் போகவில்லை. கதையை எழுதியவர் டால்டன் ட்ரம்போ. 1947இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் கம்யூனிச விசாரணையில் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்றவர். ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். அதனால் நண்பர் இயான் மெக்லெலன் ஹண்டரின் பெயரில் கதை விற்கப்பட்டது, விருதும் அவர் பெயருக்கே அறிவிக்கப்பட்டது. நண்பர் உதவினார், அநீதி திரைத்துறையுடையது.

தமிழில் 1994இல் வந்த 'மே மாதம்' இப்படத்தின் தாக்கத்தில் உருவானது. 1999இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ரோமன் ஹாலிடே சேர்க்கப்பட்டது.

ட்ரம்போ 1976இல் இறந்தார். அவருக்குரிய ஆஸ்கர் 1993இல் அவர் மனைவியிடம் தரப்பட்டது. திரைக்கதை ஆசிரியராக அவர் பெயரை அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2011இல்தான் ஏற்றுக்கொண்டது.