பலிபீடம் போனபின் புகலிடம்: லண்டன் கடனாளிகளும் அடைக்கல உரிமையும்

லண்டனில் அடைக்கல உரிமை மங்கியதைச் சமயச் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதுவது வழக்கம். புனிதத் தலம் என்ற நம்பிக்கை தகர்ந்தது. அங்கே ஒதுங்கியோரின் பாதுகாப்பும் உடன் போயிற்று என்பார்கள். காலவரிசை இதற்கு இடங்கொடுக்கவில்லை. எட்டாம் ஹென்றியின் 1540-ஆம் ஆண்டுச் சட்டம் கொலை, வன்புணர்ச்சி முதலான பெருங்குற்றங்களுக்கு அடைக்கலத்தை மறுத்தது உண்மைதான். ஆனால் கடனாளிகளின் புகலிடங்கள் அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தன. அவற்றைத் தாங்கி நின்றவை நில ஆட்சியுரிமையும் கடன் சட்டமுமே என்பது என் வாதம்.

லண்டனின் பழைய அடைக்கலத் தலங்களுள் ஒன்றான செயின்ட் மார்ட்டின் லே கிராண்ட் வளாகத்தைப் பாருங்கள். 1548-இல் அதன் தேவாலயத்தை இடித்துத் தள்ளினார்கள். கிழக்குப் பகுதியில் பெரிய மதுக்கடை ஒன்று எழுந்தது என்கிறார் லண்டனின் வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ. தேவாலயங்களில் பலிபீடம் கிழக்கில்தான் இருக்கும் என்பதை நினைவில் கொள்க. தொழுகை நின்ற பிறகும் வளாகத்தின் தனியுரிமை நிற்கவில்லை; லண்டன் கில்டுகள் என்னும் தொழிற்குழுக்களின் பிடிக்கு அகப்படாத அயல்நாட்டுக் கைவினைஞர்கள் அங்கே பட்டறை போட்டுப் பிழைத்தனர்.

வெஸ்ட்மின்ஸ்டரின் சான்று இன்னும் வலுவானது. மேரி அரசியின் காலத்தில் அதன் கத்தோலிக்க மடாதிபதி ஜான் ஃபெக்கன்ஹாம் அடைக்கல உரிமையைக் காக்கப் பழம்பட்டயங்களோடு நாடாளுமன்றத்தில் வந்து நின்றார். 1566-இல், எலிசபெத்தின் ஆட்சியில், அதே உரிமைக்காக வந்தவர் புராட்டஸ்டண்ட் டீன் கேப்ரியல் குட்மன். அவருக்காக வாதாடிய எட்மண்ட் பிளௌடனோ கத்தோலிக்கர்! அவ்வுரிமையைப் பறிக்க வந்த மசோதா தோற்றது. இறையியலில் எதிரெதிர் துருவங்களாக நின்றவர்களைச் சொத்து ஒரே பக்கம் சேர்த்துவிட்டது.

கடனாளி ஏன் ஓடினான்? அன்றைய ஆங்கிலச் சட்டத்தில், தீர்ப்பு வருமுன்பே கடன் கொடுத்தவர் அவனைக் கைது செய்விக்கலாம். சிறைக்குள் சம்பாதிக்க வழியில்லை. கடன் அடைய வழியுமில்லை. புகலிடத்தில் இருந்தவன் பேரம் பேசலாம், தவணை கேட்கலாம். ஊரார் சரக்கோடு உள்ளே புகுந்த மோசடிக்காரர்களும் இருந்தார்கள். வணிகர்களின் ஆத்திரம் வீண் ஆத்திரமல்ல.

1624-இல் நாடாளுமன்றம் அடைக்கல உரிமையை ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. ஏட்டில்தான். கார்மலைட் துறவியர் 1538-இலேயே வெளியேறிவிட்ட ஒயிட்ஃப்ரையர்ஸ், 'அல்சேஷியா' என்ற பட்டப்பெயரோடு பின்னும் கடனாளிகளின் கோட்டையாக விளங்கியது. 1691-இல் அண்டையிலிருந்த இன்னர் டெம்பிள் வழக்கறிஞர்கள் ஒயிட்ஃப்ரையர்ஸ் பக்கத்து வாயிலைச் செங்கல் வைத்து அடைக்க முயன்றனர். கொத்தர்கள் கட்டக் கட்ட, அல்சேஷியாவாசிகள் இடித்தார்கள். கலகத்தில் உயிரும் போனது. 1697-ஆம் ஆண்டுச் சட்டம் ஷெரிஃபுக்கு ஆள்திரட்டி நுழையும் அதிகாரம் தந்தபின்தான் அது வீழ்ந்தது. ஆற்றின் தென்கரையில், சவுத்வர்க்கிலிருந்த மின்ட் என்னும் கடனாளிகளின் புகலிடம் அதற்கும் அசையவில்லை. அதை ஒழித்த 1723-ஆம் ஆண்டுச் சட்டம், 50 பவுனுக்குக் குறைவாகக் கடன்பட்டிருந்த குடியிருப்போருக்கு விடுதலை வழியும் வகுக்க வேண்டியிருந்தது.